தேதி சாரும் நாற்பத்தெட்டு கேன் தண்ணியும்

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. அது சம்பளச் சீட்டுல மட்டும்தான் வரும். மத்தபடி பஸ் டிப்போவுல மேனேஜர்லேர்ந்து பஸ் கழுவுறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ‘தேதி சார்’. ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் இருபத்திரண்டு வருஷமா அவர் கையிலதான். ஒரு போல்ட்டு உள்ள வந்தாக் கூட, நெத்தியில கிடக்குற கண்ணாடிய மூக்குக்கு இறக்கி, மார்க்கர எடுத்து, அது மேல தேதி போட்டுட்டுத்தான் மூச்சு விடுவார். எழுத இடம் பத்தாத சின்ன போல்ட்டா இருந்தா, நூல்ல ஒரு அட்டையக் கட்டி அதுல எழுதுவார்.

மெக்கானிக் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவார். எட்டுற தூரத்துல பளபளன்னு புது பிரேக் ஷூ இருக்கும்.

“சார், அதக் குடுங்க சார், பஸ் நிக்குது.”

“நிக்கட்டும். இதுக்கு மூத்தது உள்ள இருக்கு. அக்கா வீட்டுல இருக்கும்போது தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுவாங்களா?”

முதல்ல வந்தது முதல்ல போகணும். அவர் வேலையில இருக்குற ஒரே சட்டம் அதுதான். நல்ல சட்டம்தான். டிப்போவோட நின்னிருந்தா யாருக்கும் ஒரு குறையும் இல்ல.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேய்மழை. மூணு நாள் கரண்ட் இல்ல, கடை இல்ல. சுத்தி இடுப்பளவு தண்ணி, குடிக்க ஒரு டம்ளர் இல்ல. அப்போ பொண்ணுக்குப் பத்து வயசு. தண்ணி வேணும் தண்ணி வேணும்னு அழுது பாத்துட்டு, கடைசியில கேக்கறதையே விட்டுட்டா. அவ அப்படிச் சத்தமில்லாம கிடந்தது அவர என்னவோ பண்ணிடுச்சு. வெள்ளம் வடிஞ்ச மறுநாளே வீட்டுப் பின்ரூம ஸ்டோர் ஆக்கிட்டார்.

அஞ்சு லிட்டர் கேன் நாப்பத்தெட்டு. வரிசைக்கு எட்டா ஆறு வரிசை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர்னு, மூணு பேருக்கு இருபது நாள் கணக்கு. சுவரோரமா ஒரு இரும்பு அலமாரி. அதுல அரிசி, பருப்பு, பால் பவுடர், சர்க்கரை, பிஸ்கட், டின்ல அடைச்ச மீன். எல்லாத்துக்கும் நெத்தியில தேதி.

ஆனா பாருங்க, டிப்போ ஸ்டோருக்கு ரெண்டு பக்கமும் கதவு. பின்னாடி வழியா புதுசு வரும், முன்னாடி வழியா பழசு போகும். பின்ரூமுக்கு ஒரே கதவு. அதனால புதுசு வாசல்ல நிக்கும், பழசு உள்ள மூலையில கிடக்கும். மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அம்புட்டையும் ஹாலுக்கு இழுத்துப் போட்டு, கடைசி வரிசையக் காலி பண்ணி, கழுவி, புதுத் தண்ணி நிரப்பி, மறுபடி அடுக்குவார். அன்னிக்கு வீட்டுக்கு வர்றவங்க கேன் மேலதான் உட்காரணும்.

சாப்பாடும் அப்படித்தான்.

“அம்மா, இன்னிக்கு என்ன சமையல்?” பொண்ணு காலேஜ்லேர்ந்து வந்ததும் கேப்பா.

“எதுக்கு நாள் முடியுதோ அது” என்பாங்க அம்மா.

ஒன்பது வருஷமா அந்த வீட்டுல யாரும் இளசா ஒரு பிஸ்கட்டக் கண்டதில்ல. பொண்ணு ஒருதடவை தோழி வீட்டுல ஒண்ணு சாப்பிட்டுட்டு வந்து ஆச்சரியமாச் சொன்னா: “அப்பா, அவங்க வீட்டு பிஸ்கட் உடையுதுப்பா. நம்ம வீட்டுல வளையத்தானே செய்யும்?”

வீட்டம்மாவுக்கு ஒரு பியூட்டி பார்லர்ல வேலை. பதினாலு வருஷமா அடுத்தவங்க கடையில நின்ன கால் நின்னபடி முடி வெட்டுறாங்க. சொந்தமா வீட்டுலயே ஆரம்பிக்கணும்னு ஆசை. மூடின கடை ஒண்ணுலேர்ந்து முடி வெட்டுற நாற்காலி ஒண்ணும் வாங்கிட்டாங்க. ஏத்தி இறக்க மிதியெல்லாம் வெச்சது. எட்டு மாசமா அது ஹால் நடுவுல, பெட்ஷீட் போத்திக்கிட்டு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. வைக்க வேற இடம் இல்ல. படுக்கற ரூம் போக மிச்சமிருக்குற ஒரே ரூம்ல நாப்பத்தெட்டு கேன் குடித்தனம் பண்ணுது.

அந்த நாற்காலியில ஏறிச் சுத்தறதுக்குன்னே ஒருத்தர் வருவார். வீட்டம்மாவோட தம்பி. தண்ணி லாரி டிரைவர்.

“மாமா” ஒரு சுத்து சுத்திட்டு ஆரம்பிப்பார், “பத்தாயிரம் லிட்டர முதுகுல கட்டிக்கிட்டு நான் ஊரச் சுத்தறேன். நீங்க அஞ்சு லிட்டர் கேனுக்குப் பொறந்தநாள் எழுதிக்கிட்டிருக்கீங்க. ஒரு போன் போடுங்க, பத்தாவது நிமிஷம் என் குழாய் உங்க ஜன்னல்ல நிக்கும்.”

“உன் லாரித் தண்ணியில வண்டி கழுவலாம் மச்சான். குடிச்சா, ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து விசிறுவியா?”

“அக்கா, மாமாவுக்கு எப்படியாவது ஒரு வெள்ளத்த வரவழைச்சுக் குடு. பாவம், ஏங்கிப் போயிட்டார்.”

அந்த மாசம் ஒண்ணாம் தேதி வீட்டம்மா கரண்டியக் கீழ வெச்சுட்டுப் பேசினாங்க. கரண்டி கீழ போனா விஷயம் பெருசுன்னு அவருக்குத் தெரியும்.

“இதோ பாருங்க. ஒன்பது வருஷமா வராத ஆபத்துக்கு ஒரு ரூம் குடுத்தாச்சு. இந்த மாசம் முப்பது வரைக்கும் டைம். அதுக்குள்ள ஏதாவது ஒரு ஆபத்து வந்துச்சுன்னா ரூம் உங்களுது, நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலேன்னா என் நாற்காலி உள்ள போகும், உங்க கேன் வெளிய போகும். சம்மதமா?”

ஸ்டோர் கீப்பருக்குக் கெடு தேதின்னா ஒரு மரியாதை. தலையாட்டிட்டார்.

அன்னிலேர்ந்து மனுஷன் படுற பாடு. காலையில எழுந்ததும் மொட்டை மாடி. கைய நெத்தியில வெச்சு வானத்தப் பாப்பார். டிவியில வானிலை சொல்ற அம்மா, “வானம் பொதுவாகத் தெளிவாகக் காணப்படும்” அப்படின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லும். இவருக்கு அது தன்னத் தனியா கூப்பிட்டுத் திட்டின மாதிரி இருக்கும். ‘பெருசா எதுவும் வேண்டாம். யாருக்கும் அடிபடக் கூடாது. சின்னதா, கைக்கு அடக்கமா ஒரு ஆபத்து’ன்னு உள்ளுக்குள்ள ஒரு வேண்டுதல். நெனைச்ச உடனே வெக்கமா வேற இருக்கும்.

“என்னப்பா, ஏதாவது தேறுச்சா?” பொண்ணு தினமும் கேப்பா.

“போய்ப் படி.”

இருபத்தேழாம் தேதி காலையில பத்து மணி இருக்கும். தெருவுல ஏதோ கேபிளுக்குன்னு தோண்டின மிஷின், ஒரே குத்துல குடிதண்ணிக் குழாயையும் சாக்கடைக் குழாயையும் சேத்து உடைச்சிடுச்சு. கொஞ்ச நேரத்துல மைக் கட்டின ஆட்டோ வந்துச்சு: “பொதுமக்கள் கவனத்துக்கு. இந்தப் பகுதியில குழாய்த் தண்ணிய மூணு நாளைக்குக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சியும் குடிக்க வேண்டாம்.”

அரை மணி நேரத்துல கடையில பாட்டில் காலி. தெரு பூரா பள்ளம். லாரி உள்ள வர வழியில்ல.

தேதி சாருக்கு அன்னிக்கு மத்தியான ஷிஃப்ட்டு. ஒரு நாள் லீவு சொல்லிட்டு, மூஞ்சியத் துடைச்சு, லீவு போட்ட அதே டிப்போவோட யூனிஃபார்ம் சட்டையவே எடுத்துப் போட்டு, மார்க்கரப் பாக்கெட்ல செருகிக்கிட்டு, பின்ரூம் வாசல்ல வந்து நின்னார்.

முதல்ல வந்தது எதிர்வீட்டுப் பொண்ணு. இடுப்புல கைக்குழந்தை, கையில காலிப் பால் பாட்டில். வீட்டம்மா பின்னாடியே வந்து, வாசல்ல இருந்த முதல் கேனத் தூக்கி அவ கையில குடுத்துட்டாங்க.

“அது மூணு வாரம் முன்னாடிதான் நிரப்பினது” அப்படின்னார். வீட்டம்மா திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க. “சரி, குழந்தையும் புதுசுதான். பொருந்தும்.”

அடுத்து கீழ்வீட்டு டீச்சர், கூடவே அந்தக் கட்டடத்துல இருக்குற மத்த மூணு வீட்டுக்காரங்க. மாடிப்படி நெறைஞ்சு போச்சு. இந்த டீச்சர்தான் போன மாசம், ‘சார் வீட்டுல தூக்கம் கூட ஸ்டாக் வெச்சிருப்பார் போல’ன்னு சொன்னவங்க.

“சார், ஒரு ரெண்டு கேன் கிடைக்குமா?”

“தாராளமா. ஆனா கடைசி வரிசைதான் முதல்ல போகணும்.”

“முன்னாடி இருக்கறத எடுத்துக் குடுங்களேன்” அப்படின்னாங்க வீட்டம்மா.

“இளையது எப்படி முதல்ல போகும்? எல்லாரும் வரிசையா நில்லுங்க. முன்வரிசையெல்லாம் கை மாத்திக் கீழ் படிக்கட்டுல அடுக்குங்க. அலமாரிய ஹாலுக்கு நகர்த்துங்க. கடைசி வரிசை வந்ததும் வீட்டுக்கு ரெண்டு.”

வேற எந்த ஊர்லயாவது தாகத்துல நிக்கறவன்கிட்ட தண்ணியக் குடுத்து, குடிக்காதே, அடுத்த ஆள்கிட்டக் குடுன்னு சொல்லியிருப்பாங்களா? ஆனா சொன்னவர் யூனிஃபார்ம்ல இருந்தாரே. எல்லாரும் கீழ்ப்படிஞ்சாங்க. அவர் உள்ள குனிஞ்சு இழுக்க, பொண்ணு வாங்க, வீட்டம்மா வாசல்ல நின்னு அனுப்ப, கேன் படிக்கட்டுல கை மாறி மாறி இறங்குச்சு.

முக்கால் மணி நேரம். முதுகு புடிச்சிக்கிச்சு. கடைசி வரிசையோட முதல் கேனக் கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டு, வேர்வையும் வெற்றியுமா வெளிய வந்தார்.

“இதோ. அஞ்சு மாசம் இருபத்தோரு நாள். யாருக்கு?”

யாரும் இல்ல. படிக்கட்டுல ஒரு கேனும் இல்ல. வீட்டம்மா மட்டும் நின்னுக்கிட்டு விரல் விட்டு எண்ணிட்டிருந்தாங்க.

“எங்க எல்லாம்?”

“வீட்டுக்கு எட்டு. அஞ்சு வீட்டுக்கும் போயாச்சு.”

“அடுக்கி வைக்கத்தானே சொன்னேன்?”

“அவங்கவங்க வீட்டுல அடுக்கச் சொல்லிட்டேன். ஆபத்துக்குன்னுதானே வெச்சீங்க? வந்தது ஆபத்துதானே?”

அவர் வாய் தானா கணக்குப் போட்டுச்சு. மூணு பேர், மூணு நாள், முப்பத்தாறு லிட்டர். உள்ள மிச்சம் எட்டு கேன், நாப்பது லிட்டர். போதும். வழக்கம்போல நம்ம வீட்டுக்குப் பழசு.

அப்போதான் மச்சான் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். லாரியத் தெருமுனையிலயே விட்டுட்டு நடந்திருக்கார். நாற்காலிப் பக்கம் கூட போகல.

“மாமா, தொண்டை காஞ்சு போச்சு. ஒரு கிளாஸ்.”

தேதி சார் ஊத்திக் குடுத்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டல. மச்சான் பாதி குடிச்சிட்டு, கிளாஸ வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாமா.” சிரிக்காம சொன்னார்.

முப்பதாம் தேதி குழாய் சரியாயிடுச்சு. கேனத் திருப்பிக் குடுக்க வந்த டீச்சர், வாசல்லயே தயங்கினாங்க. “சார், தப்பா நெனைக்கலேன்னா, இத எங்க வீட்டுலயே வெச்சுக்கட்டுமா? நாங்களே கழுவி நிரப்பிக்கறோம். எத்தனை மாசத்துக்கு ஒருதடவை?” மத்த நாலு வீடும் அதையேதான் சொல்லுச்சு. கேனோட விலையக் கையில திணிச்சுட்டுப் போனாங்க.

சாயங்காலம் வீட்டம்மா நாற்காலியோட பெட்ஷீட்ட இழுத்துச் சரி பண்ணிட்டு வந்தாங்க. மூஞ்சி சப்புன்னு இருந்துச்சு. ஆனா குரல்ல குறை வெக்கல.

“பேச்சுன்னா பேச்சு. ஆபத்து வந்துடுச்சு. ரூம் உங்களுது. நாளைக்குப் போய் புதுக் கேன் வாங்கிட்டு வாங்க.”

அவர் பின்ரூமுக்குள்ள போய் நின்னார். ஒன்பது வருஷத்துல முதல்தடவையா அலமாரி இல்லாம அந்த ரூமப் பாக்கறார். அலமாரி நகந்த இடத்துல, மேற்குப் பக்கமா, ஒரு பெரிய ஜன்னல். அப்படி ஒண்ணு இருந்ததே மறந்து போச்சு. சாயங்கால வெயில் உள்ள வந்து, எதிர்ச் சுவர் பூரா மஞ்சளா விழுந்திருந்துச்சு. ஒரு கண்ணாடி மாட்டினா சரியா இருக்கும்னு தோணுற சுவர். பொண்டாட்டி கால் வீங்கிப்போய் வர்ற சாயங்காலமெல்லாம் இதே வெயில் இந்த ஜன்னலுக்கு வெளியதான் நின்னிருக்கு.

வெளிய வந்து தொண்டையச் செருமினார்.

“இந்த ரூம் சரிப்படாது.”

“எதுக்கு?”

“வெயில் படுது. குடிதண்ணி வெயில்ல இருக்கக் கூடாது. ஸ்டோருக்கு லாயக்கில்ல.”

“ஒன்பது வருஷமா இல்லாத வெயிலா?”

“ஆய்வு இன்னிக்குத்தான் நடந்துது.”

வீட்டம்மா அவர ஏற இறங்கப் பாத்தாங்க. சிரிப்பு வந்துச்சு, அத உதட்டுக்குள்ளயே மடக்கிக்கிட்டாங்க.

“அப்போ மிச்ச எட்டு கேன்?”

“நம்ம கட்டிலுக்கு அடியில.”

“என் பக்கத்துக்கு அடியிலயா, உங்க பக்கத்துக்கு அடியிலயா?”

“என் பக்கம்தான், என் பக்கம்தான்.”

“அப்பா” உள்ளேர்ந்து பொண்ணு குரல், “ஆய்வறிக்கையில கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“நீ வந்து அந்த நாற்காலிக் கால ஒரு கை புடி. கனமா இருக்கு.”

மூணு பேருமா நாற்காலியத் தள்ளினாங்க. நிலைப்படியில கொஞ்சம் இடிச்சுது. அவர் குனிஞ்சு, மிதிய மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, “இப்போ தள்ளு, மெதுவா, பெயின்ட்டு போயிடும்” என்றார்.