கடலின் அடிகளைக் கழித்துவிட்டு

தீப்பெட்டி அளவில், சாம்பல் நிறத்தில், முதுகில் ஒரு கிளிப்புடன் இருந்தது அந்தப் பெட்டி. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் நடக்கும் ஒவ்வோர் அடியையும் எண்ணிச் சின்னத் திரையில் காட்டும். சுனாமிக்குப் பின் நான்காம் வருடம் அது எங்கள் படகுக்கு வந்தது. போர்ட் பிளேயரிலிருந்து லாங் ஐலண்டுக்கு ஒரு நாள் போய் மறுநாள் திரும்பும் பயணிகள் படகு. நான் டிக்கெட் பாபு. படகை ஓட்டியவர் செராங். மெயின்லேண்டில் வேலை பார்த்த அவர் மகள் அதை வாங்கி அனுப்பியிருந்தாள்.

காரணம் இருந்தது. மருத்துவப் பரிசோதனையில் செராங்குக்குச் சர்க்கரையும் எடையும் ஏறியிருந்தன. டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்; மறுபடியும் தேறாவிட்டால் படகை விட்டு இறங்கிக் கரையில் ஸ்டோர் வேலை. இருபத்தெட்டு வருடம் சக்கரம் பிடித்த மனிதரைப் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நினைத்துப் பார்க்க எங்களால் முடியவில்லை.

முதல் வாரங்களில் பெட்டி அள்ளிக் கொடுத்தது. மாலையில் படகைக் கட்டியதும் என் அறைக்கு வந்து திரையைக் காட்டுவார். "பன்னெண்டாயிரம்! எழுதிக்க பாபு." லாங் ஐலண்டில் ஜெட்டி முனையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மகளிடமும் அதையே சொல்வார். பிறகு டீயும் நாலு பஜ்ஜியும்.

நாட்குறிப்பில் காற்று, அலை, புறப்பட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதுவது என் வழக்கம். இருபதாம் நாள் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. அலை புரட்டிய நாட்களில் பதினாலாயிரம்; கடல் அசையாமல் கிடந்த நாட்களில் மூவாயிரம். சந்தேகப்பட்டு, படகு ஓடும்போது பெட்டியை வாங்கி என் அறை ஆணியில் மாட்டினேன். படகு ஆட ஆட அது தானாகவே எண்ணிக்கொண்டு போனது.

சொன்னதும் அவர் முகம் இருண்டது. கயிறு பிடிக்கும் வங்காளி லஸ்கருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "செராங் சாப், ஆப் நஹீன், சமுந்தர் சல் ரஹா ஹை!" நடப்பது நீங்களல்ல, கடல் என்றான். அன்று மாலை ஜெட்டி முனையில் செராங் மெதுவாகப் பேசியது எனக்கும் கேட்டது. "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கடல் நடந்ததும்மா. நாளையிலேருந்து அப்பா நடக்கிறேன்."

அதன்பின் ஒரு சட்டம் போட்டார். கயிறு அவிழ்த்ததும் பெட்டி என் ஆணிக்கு வந்துவிடும், எண்ணைக் குறித்துக்கொள்வேன். கரையில் கட்டியதும் மறுபடி குறித்து, கடலின் அடிகளைக் கழித்துவிட்டுக் கொடுப்பேன். லாங் ஐலண்டில் பள்ளிக்கூட மேட்டை ஏறி இறங்குவார். போர்ட் பிளேயரில் ஆட்டோவை அனுப்பிவிட்டு, மழையானாலும் குடையோடு ஷாதிபூர் வீட்டுக்கு நடப்பார். முதல் நாள் இரண்டாயிரத்து நூறு. கூச்சப்பட்டுக்கொண்டேதான் அதை மகளிடம் சொன்னார். அவள் என்ன சொன்னாளோ, போனை வைத்துவிட்டு இன்னொரு சுற்று கிளம்பினார். ஏழாம் வாரம் முதன்முறையாகப் பத்தாயிரம். அன்று கடைசி நூறு அடிக்கு லஸ்கரும் கூடவே நடந்து உரக்க எண்ணினான்.

மறுபரிசோதனை நாளில் அவர் வரும்வரை படகு கட்டியே கிடந்தது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஜெட்டியில் தெரிந்தார். காகிதம் பிடித்த கை உயர்ந்திருந்தது. கைப்பிடிக் கயிற்றைத் தொடாமல் பலகையில் ஏறி வந்து, "பாஸ்!" என்றார். புறப்படும்போது தேவையே இல்லாமல் மூன்று முறை ஹாரன் அடித்தார். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

போன மாதம் பயணியாக லாங் ஐலண்ட் போனேன். இப்போது என் மணிக்கட்டிலும் அடி எண்ணும் வாட்ச் ஒன்று இருக்கிறது. கயிறு அவிழ்த்ததும் கழற்றிப் பையில் போட்டேன். ஜெட்டியில் இறங்கி வாட்சை மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது செராங் எதிரே வந்தார். ஓய்வு பெறும் நாள்வரை சக்கரம் பிடித்துவிட்டு அங்கேயே குடியேறியவர்.

"கடல்ல கழட்டி வெச்சியா பாபு?"

"வெச்சேன் அண்ணே."

"அப்ப வா."

அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். பள்ளிக்கூட மேடு முடியும்வரை நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.