ரிம்மா அக்காவின் பிளைவுட் போர்க்கப்பல்

ஜப்பான் தெற்கே போகாமல் எங்கள் பக்கம் திரும்பிய 1942-இல், விளாடிவோஸ்டாக் துறைமுகத்தின் மிகப் பெரிய போர்க்கப்பலைக் கட்டியவள் ரிம்மா அக்கா. நாடகக் கொட்டகையில் முப்பது வருடம் திரைச்சீலை வரைந்தவள். கப்பல் முழுக்க பிளைவுட். பீரங்கி என்பது சாயம் பூசிய அடுப்புப் புகைக்குழாய். ஆணி அடித்தவன் நான். திட்டு வாங்கியவனும் நான்தான்.

எங்கள் நிஜ பலமெல்லாம் பக்கத்து வளைகுடாவில் மறைப்பு வலைக்கடியில் ஒளிந்திருந்த மூன்று நீர்மூழ்கிகள். அதில் ஒன்றில் அவள் மகன் மித்யா. கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி பார்த்துப் போகப் பகல் வெளிச்சம் வேண்டும். பகலிலோ எதிரி விமானங்கள் அந்த வளைகுடாவின் மேலேயே சுற்றின. அவற்றை இழுக்கத்தான் எங்கள் கப்பல். அவையோ அதைச் சீந்தக்கூட இல்லை.

"நாடகம் புடிக்கலைன்னா ஜனங்க இருமவாவது செய்வாங்க. இவனுங்க எட்டிக்கூடப் பாக்கல" என்று பொருமினாள்.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. யாராவது ஊருக்குக் கிளம்பினால், வீட்டார் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் வழியனுப்புவோம். உட்காராமல் அனுப்பினால் போனவன் திரும்ப மாட்டான் என்பார்கள். மித்யா கிளம்பும் நாளோ ராணுவ ரகசியம்.

"எப்பன்னு தெரியாம எப்புடிடா தம்பி உக்கார்றது?"

"நாள் முழுக்க உக்காந்திரு அக்கா."

"அப்ப உனக்கு யாரு சாயம் கலக்குவா, மரமண்டை?"

ஒரு காலை, கரையில் நின்று வெகுநேரம் கப்பலையே பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கடற்காக்கைகூட ஒக்காரல பாரு! பறவை எச்சம் விழாத கப்பல் எந்த ஊர்ல இருக்கு?"

அன்றிலிருந்து தினமும் உணவுக்கூடத்து மீன்தலைகளை வாளி வாளியாகப் படகில் கொண்டுபோய்த் தளத்தில் கொட்டினோம். மூன்றாம் நாள் கப்பலே தெரியாத அளவுக்குப் பறவைகள். நாற்றம் தாங்காமல் நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டேன். அவளோ கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லாவற்றையும் உபசரித்தாள்.

நான்காம் நாள் காலை வாளியோடு தளத்தில் நின்றபோது பறவைகள் ஒரே வீச்சில் எழும்பின. விமானங்கள் நேராக எங்களை நோக்கி வந்தன.

"குதிடா!" என்று என்னைத் தள்ளிவிட்டே அவளும் குதித்தாள்.

நீந்திக் கரையேறித் திரும்பிப் பார்த்தால், கப்பல் தீப்பெட்டியாய் எரிந்துகொண்டிருந்தது. சன்னல்களுக்கு மட்டும் மூன்று வாரம் சாயம் பூசியவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லெப்டினன்ட் சூரின் ஓடி வந்தான்.

"அக்கா, மூணு நீர்மூழ்கியும் வெளிய போயிருச்சு! அத்தன விமானமும் இங்கதான் இருந்துச்சு. எந்திரிங்க, பதுங்குகுழிக்கு ஓடணும்!"

மணலில் உட்கார்ந்திருந்த ரிம்மா அக்கா எழவில்லை. முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்தாள், ஈரப் பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருப்பா. எம்புள்ள கெளம்பியிருக்கான்."

அப்புறம் அவள் பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூரின் வானத்தை ஒரு தரம் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், ஈர மணலில் அவனும் உட்கார்ந்தான்.