கொக்கு இறங்கிய இடம்

மாட்டுக்கொக்கு எல்லா மாட்டோடும் சேராது. படுத்திருந்து அசைபோடும் மாட்டை அது திரும்பியும் பாராது; துள்ளி ஓடும் நாம்பனோடும் போகாது. ஓரடி வைத்து, மேய்ந்து, பிறகு அடுத்த அடி வைக்கும் மாடுதான் அதற்கு வேண்டும். அந்த நடைக்குத்தான் புல்லிலிருந்து பூச்சிகள் அளவாகக் கிளம்பும். அடம்பன் ஊரில் அக்கா வீட்டுச் சிவலைப் பசு அப்படி மேய்கிற மாடு. பின்னேரங்களில் அத்தான் மாட்டைத் தேடுவதில்லை, கொக்குகளைத்தான் தேடுவார்.

"என்னைத் தேடி ஒருநாளாவது இப்பிடி வந்தனீங்களோ?" என்பாள் அக்கா.

"நீ விறுவிறெண்டு நடக்கிற நடைக்கு எந்தக் கொக்கு பக்கத்தில வரும்? உன்னை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

சண்டை நெருங்கி ஊரே எழும்பி வெளிக்கிட்ட அன்று, எல்லாரையும் போல அத்தானும் மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். கட்டினபடி விட்டால் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். கன்றும் அதோடு போனது. நாங்கள் குளத்துக்கு இந்தப் பக்கம், காட்டோரம் இருக்கக் கொட்டில் போட்டோம். அக்காவிடம் கைக்குழந்தைக்குப் பால் இல்லை. தேத்தண்ணியை ஆற்றிப் பருக்கினாள். அது துப்பிவிட்டு அழுதது.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலை, குளக்கட்டுக்கு அப்பால் கொக்குகள் எழும்புவதும் இறங்குவதுமாக இருந்தன. கட்டு மறைத்ததால் கீழே நிற்பது தெரியவில்லை. பார்க்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

"எங்கட ஆள்தான்! கொக்கு நகருற வேகத்தைப் பார்," என்று அத்தான் சிரித்தார். "சட்டியைக் கழுவி வை, வாறன்."

அக்கா கழுவி வைத்தாள்.

ஒரேயொரு வெடிச்சத்தம். மிதிவெடி. கட்டின் மேலேயே உயிரற்றுக் கிடந்த அவரைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்: அப்பால் மாடு எதுவும் இல்லை. மண் தள்ளும் இயந்திரம் ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததாம். புரண்ட மண்ணில் கிளம்பிய பூச்சிகளுக்காகக் கொக்குகள் அதன் பின்னால் நடந்தனவாம். அதன் இரைச்சலைச் சோளகக் காற்று மறுபக்கம் கொண்டுபோய்விட்டது.

மாரி தொடங்கிய பிறகு சிவலை தானாகவே வந்தது. கழுத்தில் கயிற்றுத் துண்டு. கன்று இல்லை. மடி வற்றியிருந்தது. பக்கத்தில் ஒற்றைக் கொக்கு.

"வத்தின மாட்டை வைச்சு என்ன செய்யப்போறாய், பிள்ளை?" என்று அடுத்த கொட்டில் மாமி கேட்டார். "ஆருக்கும் குடுத்துவிடன்."

"அவர் கூட்டிவரப் போன மாடு, மாமி."

கவிழ்த்து வைத்திருந்த அந்தச் சட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டு அக்கா மாட்டிடம் போனாள். ஒவ்வோர் அடியாக வைத்துத்தான் நடந்தாள். கொக்கு எழும்பவில்லை.