தவமலரின் ஆறு மாதம்

"வாற ஜூன் மாசத்தோட ஐரோப்பா முழுக்க ஒரே சட்டமாம். ஒரு நாடு மறுத்தா எல்லா நாடும் மறுத்த மாதிரியாம். முகாமில இருக்கிற ஆக்களை அள்ளிக்கொண்டு போய் பிளேனில ஏத்துவாங்களாம்."

பாரிசில் இருக்கும் தன் அண்ணை அன்புராசா சொன்னதென்று கிளடிஸ் வேலைக்கு ஆள் ஏற்றும் வானுக்குள் இதைச் சொன்னபோது, தவமலர் குடித்துக்கொண்டிருந்த கோப்பியை மூடிவைத்தாள். கனடாவில், விமானச் சாப்பாடு கட்டும் வேலைக்கு மல்வேர்னிலிருந்து மிசிசாகாவுக்கு இருவரும் பதினொரு வருசமாக ஒரே வானில் போகிறவர்கள்.

தவமலரின் தம்பி கிருபன் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தான். வரும் வழியில் குரோவேஷியாவில் கைரேகை வைத்தவன். முதலில் கைரேகை வைத்த நாடே அகதி வழக்கைக் கேட்கவேண்டும் என்பது சட்டம்; அந்த நாடும் அவனை ஏற்கச் சம்மதித்திருந்தது. ஆறு மாதத்துக்குள் ஜேர்மனி அவனை அங்கே அனுப்பாவிட்டால், வழக்கை ஜேர்மனியே கேட்கவேண்டும்.

அன்றைக்கே கிருபன் போன் எடுத்தான்.

"அக்கா, கிளடிஸ் அக்கான்ரை அண்ணை பாரிசுக்கு வரட்டாம். பை கட்டிட்டன்."

"அவிழ்."

"பொலிஸ் வந்தா?"

"வந்தா போ. ஓடினியெண்டா ஆறு மாசம் பதினெட்டு மாசமாகும். லோயர் சொன்னது மறந்துபோச்சோ? நான் ஓடிப் பட்டது காணும்."

இருபது வருசத்துக்கு முன் அதே ஜேர்மனியில் இப்படியொரு கதையைக் கேட்டு முகாமை விட்டு ஓடியவள் அவள். ஒளித்திருந்த நேரம் விசாரணைக் கடிதம் வந்தது. ஆளில்லையென்று வழக்கை மூடிவிட்டார்கள். கோணேஸ்வரனைக் கல்யாணம் கட்டிக் கனடா வந்து சேரும்வரை, யார் கதவைத் தட்டினாலும் நடுங்கினாள்.

அதனால் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தாள். முகாமின் தபால் பலகையில் கடிதம் வந்தவர்களின் பெயரை ஒட்டுவார்கள். தினமும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பவேண்டும். படம் பிந்தினால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டுப் போனைப் பார்த்து, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்குவாள்.

"நீ தம்பியை வளக்கிறியோ, பலகையை வளக்கிறியோ?" என்று கிளடிஸ் நக்கலடிப்பாள்.

ஆறு மாதத்தின் கடைசி நாளும் கழிந்தது. பொலிஸ் வரவில்லை. போன செவ்வாய், வான் 401 நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது படம் வந்தது. பலகையில் கிருபனின் பெயர். அடுத்த படத்தில் கடிதம்: வழக்கை ஜேர்மனியே கேட்கும்.

தவமலர் துள்ளி எழும்பி வான் கூரையில் தலையை இடித்துக்கொண்டாள். "ஓடேல்லை! என்ரை தம்பி ஓடேல்லை!" டிரைவர் சேர்ந்து ஹோர்ன் அடித்தார்.

"இன்னும் விசாரணை கிடக்கடி," என்றாள் கிளடிஸ், கண்ணைத் துடைத்தபடி.

"கிடக்கட்டும், நிண்டு பாப்பான். முதல்ல உன்ரை அண்ணைக்கு எடு. அவற்றை கதையைக் கேட்டு எத்தினை பேர் பை கட்டினாங்களோ. உந்தச் சேதியையும் அவரே எல்லாருக்கும் சொல்லட்டும்."

கிளடிஸ் ஸ்பீக்கரில் போட்டாள். பாரிசில் போன் அடித்தது, எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.