சிரிக்காமல் போன கவிஞர்

சுபத்ராவின் வீட்டில் இதுவரை ஐந்து மேதைகள் இறந்திருக்கிறார்கள். ஒரு வீணை வித்துவான், ஒரு நாவலாசிரியர், நாடகங்களுக்கு இசையமைத்த ஒருவர், இரண்டு கவிஞர்கள். ஐந்து பேருமே அவள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த தேக்குக் கட்டிலில்தான் உயிரை விட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் சினிமா.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து அகரம்தென் போகிற வழியில், சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் இடிபடாமல் நிற்கிற ஓட்டு வீடு அது. சுபத்ராவின் கணவர் பொன்னுரங்கத்தின் அப்பா நிலங்களை மனை மனையாக விற்றார். அந்த மனைகளில் வீடு கட்ட வந்தவர்களுக்கெல்லாம் மகன் மணலும் ஜல்லியும் விற்றார். ஊருக்கே மாடி எழுப்பக் காரணமாக இருந்த மனுஷன், தன் வீட்டில் ஒரு ஓட்டைக்கூட மாற்ற விடவில்லை. அதனால் பெரியவர்களின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறவர்கள், பழைய வீடு தேடி நேராக இங்கே வந்து நிற்பார்கள்.

இந்தப் படங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இளமையில் ஹீரோ காதலிப்பார், பாடுவார், அவமானப்படுவார், புகழடைவார். இருமல் வந்ததும் ஹீரோ போய் லக்ஷ்மிநாராயணன் வந்துவிடுவார். எழுபது வயது நாடக நடிகர் அவர். எந்த மேதையானாலும் வயதான காலம் அவருடையது. சுபத்ராவின் கட்டிலில் மட்டும் மூன்று பேராக இறந்திருக்கிறார்.

முதல் தடவை தன் கட்டிலில் மாலையோடு ஒருவர் கிடப்பதைப் பார்த்தபோது சுபத்ரா வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். அப்போதுதான் படத்தின் மேனேஜர் சினிமாக்காரர்களின் வழக்கத்தைச் சொன்னார். செத்தவராக நடித்தவர், அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை ஒரு போட்டோ எடுத்து, கற்பூரம் காட்டிவிட்டால் தோஷம் போச்சு. சினிமாக்காரர்களே அதை அவசரமாகத்தான் செய்வார்கள். சுபத்ரா அப்படி அவசரமாகச் செய்ய விடமாட்டாள். கற்பூரத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொள்வாள். வாய்விட்டுச் சிரிக்காமல் எந்த மேதையும் வெளியே போனதில்லை.

"பொணம் சிரிச்சாத்தான் எம் பொண்டாட்டி வாசல் கேட்ட தெறப்பா" என்று பொன்னுரங்கம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படம் வந்ததும் சுபத்ராவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவது மட்டும் தவறாது.

போன மாசி மாதம் அவருக்கு நெஞ்சு வலித்தது. மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். வெள்ளிக்கிழமை குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் ஒரு கவிஞரின் மரணத்துக்கு வீட்டைக் கொடுப்பதாக முன்பே பேசியிருந்தது.

"வேணாங்க. வேற வூடு பாத்துக்கட்டும்" என்றாள் சுபத்ரா.

"சொன்ன சொல்லு இன்னாத்துக்கு ஆவும்? அந்த மனுசன் பாட்ட எத்தினி வருசமா கேக்கறேன். அவரு போற நேரத்துல வூடு இல்லன்னு சொல்லச் சொல்றியா?" என்றார் பொன்னுரங்கம். நிஜக் கவிஞர் போய் முப்பது வருஷம் ஆகிறது என்பது அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, எக்கோ, ஸ்கேன் என்று பொழுது போய்விட்டது. கிளம்பும்போதே மேனேஜரிடம் கற்பூரத்தைக் கையில் கொடுத்து மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது படக்குழு மூட்டை கட்டிப் போயிருந்தது. ஜன்னல் விளிம்பில் கற்பூரம் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

சமையலறைக்குள் போய் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"லக்ஷ்மிநாராயணன் சாருக்கு மூணு மணிக்குப் பொத்தேரில வேற ஷூட்டிங்மா. ஷாட் ஓகே ஆனதும் மேக்கப்போடயே கார்ல ஏறிட்டார். விட்டுப் போச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார் அவர்.

ஆக, கவிஞர் இன்னும் செத்தபடியேதான் இருக்கிறார். அந்தக் கட்டிலில்தான் பொன்னுரங்கம் படுக்க வேண்டும், அதிலிருந்து எழுந்துதான் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். சுபத்ரா அதற்கு விடவில்லை. மெத்தையில் மூட்டைப்பூச்சி என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவரை ஹாலில் சோபாவில் படுக்க வைத்தாள். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில், கடையின் குட்டியானை லோடு வண்டியை ஓட்டுகிற ஷாகுலைக் கூப்பிட்டாள். பதினைந்து வருஷமாகக் கூட இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர், கூடப்பிறக்காத தம்பி மாதிரி. பொத்தேரியில் இன்றும் ஷூட்டிங் உண்டாம், கட்டிலை அங்கே நடிகரிடமே கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"போன்ல வீடியோ கால் போட்டு சிரிக்கச் சொன்னா பத்தாதாக்கா? கட்டில எதுக்குத் தூக்கணும்?"

"செத்தது கட்டில்ல ஷாகுலு. போன்ல சிரிச்சா போனுக்குத்தான் நல்லது."

ஷாகுல் கயிற்றை எடுத்து வந்தார். கால் ஆடுகிறது, ஆசாரியிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று பொன்னுரங்கத்திடம் சொல்லி, கட்டிலை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். முப்பத்து நான்கு வருஷமாக ஆடாத கால். பொன்னுரங்கம் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் நெரிசலில் மாட்டி, பொத்தேரி போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கல்லூரிக் கட்டடத்தைப் பழைய வானொலி நிலையமாக மாற்றி வைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் லக்ஷ்மிநாராயணன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் கவிஞர் இல்லை. காதில் கடுக்கன், நெற்றியில் சந்தனம், சரிகை வேட்டி. ஒரு பெரிய பாடகராகி இருந்தார்.

சுபத்ரா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே தனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"கார்ல ஏறினதும் எனக்கே ஞாபகம் வந்ததும்மா. திருப்பச் சொன்னா டிரைவர் முகம் சுளிப்பானேன்னு விட்டுட்டேன். தப்புதான். வாங்க, இப்பவே சிரிச்சிடறேன்."

"இப்படியே வேணாம் சார். செத்தது கவிஞரு. நீங்க பாடகரா சிரிச்சா கணக்குல சேராது."

ஷாகுல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லக்ஷ்மிநாராயணன் ஒரு கணம் யோசித்து, நியாயம்தான் என்றார். கடுக்கனைக் கழற்றினார், சந்தனத்தைத் துடைத்தார், பையிலிருந்து கவிஞரின் வட்டக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஷாகுல் கைகொடுக்க வண்டியில் ஏறி, கட்டிலில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி முறையாகச் செத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

சுபத்ரா தட்டை எடுக்கவில்லை.

"சார், மன்னிச்சிக்கோங்க. இது படத்துல சிரிக்கற சிரிப்பு."

மறுபடி முயன்றார். அதுவும் அப்படித்தான். வகுப்பு முடிந்த மாணவர்கள் வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பத்துப் பன்னெண்டு படத்துல செத்திருக்கேன். எழுந்திரின்னு கேட்டு யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லம்மா. உங்க வீட்டுக்காரர் என் படம் பார்த்திருக்காரா?"

"எல்லாத்தையும் பாத்துகீறாரு சார். நீங்க கடைசியா மூச்சு வுடறப்போ தியேட்டரே அழும். இவரு மட்டும் எங்காதுல, 'நம்ம கட்டிலு எவ்ளோ கம்பீரமா கீது பாரு. மறைக்காம கொஞ்சம் தள்ளிப் படுக்கக் கூடாதா இந்தாளு'ம்பாரு."

லக்ஷ்மிநாராயணனுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். காரணம் தெரியாமல் மாணவர்களும் சிரித்தார்கள். ஷாகுல் போட்டோ எடுத்தார். சுபத்ரா கற்பூரம் ஏற்றினாள். ரோட்டோரக் காற்றில் அது இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை நின்று எரிந்தது. அப்போதுதான், ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, அத்தனை பேர் நடுவில் அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இந்தச் சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைக் கேட்க முடியாது. சொல்ல வேண்டியது, அந்தப் புதன்கிழமை அவர்கள் வீடு திரும்பியதைப் பற்றித்தான்.

வண்டி வந்து நின்றபோது பொன்னுரங்கம் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்தில் அடித்தது. எத்தனை நேரமாக அங்கே இருந்தாரோ. ஆசாரி என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. கட்டில் காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிரிச்சாரா?" என்றார்.

சுபத்ரா அவரையே பார்த்தாள். "ம். நல்லா சிரிச்சாரு."

போனை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கட்டிலை உள்ளே கொண்டுபோய்ப் போட்டதும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அதில் படுத்துக்கொண்டார். ஷாகுல் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு சுபத்ராவின் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"நேத்து நீ போன்ல பேசனத கேட்டேன். மூட்டப்பூச்சின்னு நீ சொன்னப்போ, அப்பாடான்னு இருந்துது" என்றார். "பயமா கீது சுபத்ரா."