எதிர்முனைக் கம்பி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கரியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. விலை உயர்ந்த உலோகம் துளியும் சேர்க்காமல், வெறும் கரியை வைத்தே தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் தலை நரைத்தவள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் கேட்பாரும் இல்லாமல் போயிற்று. மதியம் கேன்டீன் ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிடுவாள். கூட வேலை செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தோற்றுக்கொண்டே இருப்பவளிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் ஒரு கரி வேலை செய்தது. அமில நீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சியதும் குமிழி குமிழியாக ஹைட்ரஜன்! ஜன்னலோர மேசையில் நாற்காலி போதவில்லை. "அக்கா, உங்க கைமணமே தனிக்கா" என்று உரிமையோடு அவள் டப்பாவில் கை வைத்தார்கள். பாராட்டை விட அந்தக் கைகள்தான் அவளுக்குப் பிடித்திருந்தன. பெரிய அடுக்கு டப்பா ஒன்று வாங்கினாள்.

கரியோ நாளுக்கு நாள் இன்னும் நன்றாக வேலை செய்தது. உழைக்க உழைக்கத் தேய்வதுதானே உலக வழக்கம்? அவளுக்கு உறுத்தியது. மின்சுற்றின் எதிர்முனையில் எல்லோரும் மாட்டுகிற பிளாட்டினக் கம்பியைத்தான் அவளும் மாட்டியிருந்தாள். அது அமிலத்தில் இம்மி இம்மியாகக் கரைந்து கரியின்மேல் படிந்திருந்தால், வேலை செய்வது கரியே அல்ல, அந்தப் பிளாட்டினம்தான். கம்பிக்குப் பதில் கரித்தண்டை மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். கலகலப்பான மேசையை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு காலையில் புதுக் கரியை எடுத்து, எதிரில் கரித்தண்டை மாட்டினாள். பேருக்கு நாலு குமிழி வந்தது.

நேரே துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எல்லாரும் அந்தக் கம்பியைத்தானேம்மா மாட்டுறாங்க? யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேட்டுட்டேனே சார்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தவளும் அவளேதான். மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. எல்லோரும் தூரத்திலிருந்தே தலையசைத்துவிட்டு வேறு மேசைக்குப் போனார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

பெரிய டப்பா அதில் இல்லை. சோதனைக்குக் கிளம்பும் முன்பே, ஒருவருக்கு மட்டும் போதுமான பழைய டப்பாவில்தான் அவள் சாப்பாடு கட்டியிருந்தாள்.