பக்கத்தில் ஒருவர்

அந்த ஜனவரி காலையில் பனி மூட்டத்தால் எதிர் டவர் தெரியவில்லை. கிட்வாய் நகர் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் எங்கள் வீடு. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடிப் போனேன். என் மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். சட்டை பாதி தேய்த்த நிலையில் மேசைமேல் கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஆண்டவர் வந்திருந்தாரு" என்றாள். கேஸ்காரர் வந்திருந்தார் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"அவர் எல்லா இடத்துலயும் இருக்கத்தான செய்யுதாரு" என்றேன்.

"அது தெரியும். இது வேற." பெட்டியை இறக்கி மீதிச் சட்டையைத் தேய்த்தாள்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அவள் புசா ரோட்டில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். தில்லியில் எங்கள் தமிழ்ச் சபையின் செயலரும் நான்தான். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "ஆண்டவரே, உமது பிரசன்னத்தை எங்கள் நடுவில் உணர்கிறோம்" என்று இருபது வருடங்களாக ஜெபித்து வருகிறேன். குரல் தழுதழுக்க ஜெபிப்பேன் என்று சபையில் எனக்குப் பெயர் உண்டு.

அடுத்த சில வாரங்களில் அது நாலைந்து முறை நடந்தது. பாத்திரம் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே நின்றுவிடுவாள். முகத்தில் பயமோ வலியோ இருக்காது. அதுதான் எனக்குக் கலக்கத்தைத் தந்தது. அவளுடைய தாய்மாமா ஒருவருக்குக் காதில் குரல்கள் கேட்டன. ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. கல்யாணம் பேசும்போதே அதை மறைக்காமல் சொன்னார்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போன அம்மாவும் மகளும் திரும்பி வந்தார்கள். மகளுக்குப் பதிமூன்று வயது, தில்லியிலேயே பிறந்தவள். என் சட்டையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, அம்மா ரோடு நடுவுல ஸ்டாப் ஆயிட்டாங்க. நான் கைய புடிச்சு புல் பண்ணேன். ஆட்டோ இத்னா பாஸ், இவ்ளோ கிட்ட வந்துடுச்சு. ஆட்டோக்கார பையா ரொம்ப திட்டினாரு." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா டீக் ஹைனா? நல்லாத்தான இருக்காங்க?" என்று கேட்டாள்.

அன்றே ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து என் போனில் வந்த செய்தியை அவளே பார்த்துவிட்டாள்.

"எனக்காகவா?"

"ஆமா."

நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் போனை மேசையில் வைத்தாள். "பிள்ளை பயந்து போயிட்டா. நீங்களும் பயப்படுதீங்க. அதுக்காக வாரேன்" என்றாள்.

மருத்துவர் எங்கள் வயதுள்ள ஒரு பஞ்சாபிப் பெண். இந்தியில் பொறுமையாகக் கேட்டார். குரல் கேட்கிறதா? இதைச் செய் அதைச் செய் என்று யாராவது சொல்கிறார்களா? தூக்கம், பசி எப்படி? எதற்கும் அவள் தடுமாறவில்லை. குரல் இல்லை, உருவம் இல்லை, வாசனை இல்லை என்றாள்.

"அப்படியென்றால் என்னதான் தெரிகிறது?"

அவள் சற்று யோசித்தாள். "நான் நோட்டுத் திருத்தும்போது என் மகள் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேசுவதும் இல்லை. ஆனால் அவள் இருக்கிறாள் என்று தெரியும். அப்படி."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு தலைக்கு ஸ்கேனும் வலிப்புக்கான ஒரு சோதனையும் எடுக்கச் சொன்னார். இப்படித் திடீரென்று நின்றுபோவது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம், மூளையில் சின்னக் கட்டியாகவும் இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது என்றார்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் கூடாதாம். தாலிச் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து யாரோ சுவரைத் துளைப்பது போன்ற சத்தம் விட்டுவிட்டு வந்தது. நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபிக்க வேண்டும் என்று கண்ணை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லும் வார்த்தைகள் வரிசையாக வந்தன. அவற்றை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஏதாவது இருக்கட்டும். சின்னதாக, மாத்திரையில் சரியாகிற மாதிரி ஏதாவது ஒன்று படத்தில் தெரியட்டும். அப்படித் தெரிந்தால் இத்தனை வருடம் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கவில்லை என்று ஆகிவிடும்.

எழுந்து நடந்தேன். எவ்வளவு நடந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம்தான் கிடைத்தது. மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். வலிப்புக்கான சோதனையின் முடிவையும் பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை என்றார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். ரோட்டைக் கடக்கும்போது யாராவது கூட இருக்கட்டும் என்றார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப நீங்க சந்தோசப்படல" என்றாள் அவள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நினைத்ததைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு ஸ்டேஷன் போனது. இனிமேல் என்னிடம் பேசவே மாட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்குக் கட்டி வந்தாப் பரவாயில்லன்னு நினைச்சிருக்கீங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அத மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்." பிறகு, "எனக்கு மட்டும் ஏன்னு நானும் அவர்ட்ட கேட்டிருக்கேன். உங்க அளவுக்குக்கூட நான் ஜெபம் பண்றவ கிடையாது" என்றாள்.

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது லெந்து நோன்புக்காலம் முழுவதும் நீண்டது. தேவையான பேச்சு மட்டும் இருந்தது. ஈஸ்டர் கழிந்தபின் நானே போய், அடுத்த தடவை அப்படி வந்தால் எனக்குச் சொல்வாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையில் அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். அவளுடைய சிவப்புப் பேனா நின்றிருந்தது. தலை நிமிராமல், இடது கையால் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். கீழே பார்க்கில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பயமாக இருந்தது. அதிகாரி முன்னால் நிற்கும் பயம் இல்லை அது. எழுந்து போக மனம் வரவில்லை.

அவள் பேனா மறுபடி நகர்ந்தது.

"போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"போறது வாறதெல்லாம் இல்லங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.